கறுப்புக் கரை போட்ட உறை

சர்... சர்... சர்...

மூன்றே இழுப்பு. உறை எட்டுத் துண்டாகிவிட்டது. கோபாலசாமி அதை வாசலில் நின்ற ரீசைக்கிள் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

அமெரிக்காவில், அவர்கள் குடியிருந்த சுகர் லேண்டில் இரண்டு நாளாக விடாத மழை. மாலை நாலு மணிக்குக் காப்பெல் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவர் மகள் விசாகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் சாப்பாட்டு மேஜை மேல் நாலு ஓரமும் கறுப்புக் கரை போட்ட ஓர் உறை!

கோபிச்செட்டிபாளையத்தில் அவர் பார்த்து வளர்ந்த வழக்கம் இது. கருமாதிப் பத்திரிகையைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் தங்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன் அப்பாவின் பத்திரிகை கனமான கூரியர் உறையில் வந்தபோதும் அப்படித்தான். விசா சிக்கலில் ஊருக்குப் போக முடியாத ஆத்திரத்தில், பிரித்துக்கூடப் பார்க்காமல் கிழித்தார்.

"ஏனுங்க, டேபிள் மேல இருந்த கவர் எங்கீங்க?" மனைவி வான்மதியின் குரல்.

"கிழிச்சுப் போட்டாச்சு. ஏம்மா, நல்ல காரியம் பேசற நாள்ல கருமாதிக் கவரைக் கொண்டாந்து சோத்து டேபிள்ல வெப்பியா?"

வான்மதி சண்டைக்கு வரவில்லை. நாற்காலியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அது மிஸ் எர்னாவோட கவருங்க. எம்பது வருஷமா யாருமே பிரிக்காத கவரு."

மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த பழைய ஜெர்மன் தேவாலயம் ஒன்றில் வான்மதிக்குப் பகுதி நேர வேலை. 1926-ல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த பாதிரியார் ஹோல்ட்மனின் குடும்பம் எதையும் எறிந்ததில்லை. பிரசங்கக் குறிப்பு, ஞானஸ்நானச் சீட்டு, மளிகைச் சீட்டு என்று பதினோரு பெட்டி. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ண வேண்டும். நேற்று தேவாலயத்தின் அடித்தளத்தில் தண்ணீர் புகவே, பயந்துபோய் ஒரு பெட்டியை வீட்டுக்கே தூக்கி வந்திருந்தாள்.

பாதிரியாரின் மகன் யோஹான் பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஜெர்மனிக்கே திரும்பிப் போனவன். அடுத்த வருஷமே யுத்தம். அது முடிந்து 1946-ல் அங்கிருந்து வந்த முதல் தபால் இந்தக் கறுப்புக் கரை உறை. முகவரி எழுதியிருந்த கையெழுத்து யாருக்கும் தெரியாதது. பாதிரியார் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்காத வரை மகன் சாகவில்லை. அவர் மனைவி சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யோஹானுக்கு ஒரு தட்டு வைத்தாள்.

கடைசி மகள் எர்னாவுக்கு இப்போது தொண்ணூற்றொரு வயது. டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை சொல்லி அனுப்பியிருந்தாள்: "மேலே போனதும் எந்த வயசு யோஹானைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து படித்துக் காட்டு."

"ஞாயித்துக்கிழமைன்னா நாளைக்கு..." என்று கோபாலசாமி முடிப்பதற்குள் தெருமுனையில் லாரி உறுமியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ரீசைக்கிள் லாரி!

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். தொட்டியை அப்படியே கவிழ்த்தார். பால் கேன், அட்டைப் பெட்டி, விளம்பரத் தாள் எல்லாம் மழைத் தண்ணீரில் மிதந்தன. ஒன்று, இரண்டு... ஏழு! எட்டாவது துண்டு ஓரமாக ஓடிய தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போய் வடிகால் கம்பியில் சிக்கியது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், ஆயில் கம்பெனி மேனேஜர், நடுத்தெருவில் குப்புறப் படுத்து அதை எடுத்தார்.

எதிர்வீட்டு ராமசுப்ரமணியன் குடையோடு எட்டிப் பார்த்தார். "என்ன சார், கிரீன் கார்டு விழுந்துடுச்சா?"

அவர் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஃப்ரீவேயில் தண்ணீர் என்று மாப்பிள்ளை வீட்டாரே அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வான்மதி ஒவ்வொரு துண்டிலும் ஒட்டியிருந்த தாளை இடுக்கியால் பிரித்து, உறிஞ்சும் காகிதத்துக்கு நடுவே வைத்து உலர்த்தினாள். விளிம்போடு விளிம்பு சேர்த்துப் படம் எடுத்து, அந்தக் காலத்து ஜெர்மன் எழுத்தைப் படிக்கத் தெரிந்த விஸ்கான்சின் வாத்தியார் ஒருவருக்கு அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. வாத்தியார்தான்.

"செத்தது யோஹான் இல்லை. அவனுடைய பாட்டி. அந்தச் சாவைத்தான் எழுதியிருக்கிறான்."

"யாரு எழுதியிருக்கா?"

"யோஹான்தான். யுத்தத்தில் வலது கை போய்விட்டது. இடது கையால் எழுதியிருக்கிறான்."

வான்மதியின் முகம் மலர்ந்தது. வாத்தியார் விடவில்லை. "கடைசித் துண்டையும் படிக்கிறேன். 'அப்பா, என்னை மன்னித்தால் ஒரு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டால் புரிந்துகொள்வேன். மறுபடி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.'"

வடிகால் கம்பியில் சிக்கிய எட்டாவது துண்டு அது. கோபாலசாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை எர்னாவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். வான்மதி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பாட்டி இறந்த நாள், இழந்த கை, இடது கையால் எழுதப் பழகிய கதை. எர்னா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உயிரோடு இருந்தானா?"

"இருந்தார், மிஸ் எர்னா."

கிழவி சிரித்தாள். குழந்தை மாதிரி சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அப்படியானால் ஏன் மறுபடி எழுதவே இல்லை?"

வான்மதி கணவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பைக்குள் அந்த எட்டாவது துண்டு இருந்தது.

"தெரியாமல் நான்தான் கிழித்துவிட்டேன்" என்றார் கோபாலசாமி. "ஒரு துண்டு மழையில் போய்விட்டது. காரணம் அதில்தான் இருந்திருக்கும். மன்னித்துவிடுங்கள்."

எர்னா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா பிரிக்கவில்லை. அம்மா பிரிக்கவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை. நீ கிழித்தாவது பிரித்தாய்." கண்ணை மூடிக்கொண்டாள். "இருபத்தைந்து வயசுப் பையனைத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இனி ஒரு கிழவனைத் தேட வேண்டும். வலது கை இல்லாத கிழவன். சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவேன்."

ஒன்பது நாள் கழித்து, தேவாலயத்திலிருந்து தபாலில் ஓர் அட்டை வந்தது. எர்னா ஹோல்ட்மன். சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு. தபால் பெட்டி அருகே நின்ற கோபாலசாமியின் விரல்கள் பழக்கத்தில் அதன் இரு ஓரத்தையும் பிடித்தன. பிடித்தபடியே முழுவதும் படித்தார். உள்ளே கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். பர்ஸிலிருந்து எட்டாவது துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டையும் பெட்டியில சேர்த்துரு."

வான்மதி தலையாட்டினாள். அவர் எழுந்து போகவில்லை.

"ஏம்மா, அப்பா செத்தப்ப ஒரு கூரியர் வந்துச்சே..."

"ஆமாங்க."

"நல்ல கனம் இருந்துச்சு. வெறும் பத்திரிகைக்கு அவ்வளவு கனம் இருக்காதில்ல?"

வான்மதி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகே உட்கார்ந்தாள்.