இருபது டெசிபலுக்கு அப்பால்

ஜுரேமாவுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அவள் வாங்கி வைத்த சீஸ் பன்னை மென்றபடி தேர்வுக்குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தார் வழிகாட்டி வால்டெமிர். வெள்ளைப் பலகையில் ஒளியாய் விழுந்திருந்தது அவள் வரைந்த கோட்டுப்படம். அதில் பாதிதான் இருந்தது.

ஒரே நேரத்தில் பல போன்கள் பேசினால், யார் சொன்னது எது என்று கோபுரத்து ஆண்டெனாக்கள் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு இரண்டு முறைகள். எதில் பிழை குறைவு என்பதுதான் ஆய்வு. நீலக்கோடு வால்டெமிரின் முறை. காம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்ததே அதுதான். சிவப்பு வேறு யாருடையதோ. சிக்னல் பலம் இருபது டெசிபல் வரை நீலத்தில்தான் பிழை குறைவு. அதற்குமேல் எவ்வளவு பலம் கூட்டினாலும் நீலம் இறங்க மாட்டேன் என்று படுத்துவிடும். சிவப்பு விறுவிறுவென்று இறங்கும். பதினோரு நாள் கணினிகளை ஓட்டி அவள் கண்டது இது.

"இருபதோட வெட்டிடும்மா," என்று போன வாரம் வால்டெமிர் சொன்னார். "அதுக்கு மேல யாரு பாக்கப்போறா?"

கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். ஐந்து வருஷ உழைப்பு அந்தக் கையெழுத்தில் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். அன்றிலிருந்து அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம்.

ரெசிஃபேயிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஸுலெய்டி கேட்டார்: "ஏம்மா இருபதோட நிறுத்திட்டீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வால்டெமிர் முந்திக்கொண்டார். "இன்னும் ஓட்டிப் பாருன்னு நான் சொன்னேன் மேடம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை ஏது?" சிரிப்பு வேறு.

செய்வதையும் செய்துவிட்டுப் பழியை அவள் தலையில் கட்டுகிறார். ஜுரேமா மார்க்கரை எடுத்தாள். ஒளி முடிந்த இடத்திலிருந்து நீலக்கோட்டைப் படுக்கையாக இழுத்தாள். சிவப்பை அதற்குக் குறுக்கே கீழே இறக்கினாள்.

"ஓட்டினேன் மேடம். இருபத்திரண்டுல ரெண்டும் ஒண்ணா வந்துடுது. முப்பது வரைக்கும் லேப்டாப்புலயே இருக்கு. வெட்டச் சொன்னது புரொபசர், வெட்டினது நான். அதுக்கு என்னை பெயிலாக்குங்க. சோம்பேறின்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது."

"ஜுரேமா, உக்காரு," என்றார் வால்டெமிர்.

"நின்னுக்கிறேன்."

ஸுலெய்டி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முடிவு பேச வேண்டும், வெளியே இருங்கள் என்றார். மாணவி போவாள், வழிகாட்டி உள்ளே இருப்பார், அதுதான் வழக்கம். வால்டெமிர் நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"நீங்களுந்தான், வால்டெமிர்," என்றார் ஸுலெய்டி.