ஜபேஸுக்கு மூன்று சட்டை

திங்கட்கிழமை காலை அலுவலகத்திலிருந்து உடைப் பிரிவுக்கு வந்த சீட்டில் ஒரே வரிதான் இருந்தது. “ஜபேஸ் சட்டை, பழுப்பு, மூன்று.” வெல்மா டக்கெட் அதைப் படித்துவிட்டு, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

ஒரு சட்டை என்றால் ஆள் சும்மா நடமாடப்போகிறான். இரண்டு என்றால் தண்ணீர்த் தொட்டியில் விழப்போகிறான். மூன்று என்றால் துப்பாக்கிக் குண்டு. ஒன்று முழுசாக, ஒன்று நெஞ்சில் ஓட்டையோடு, இன்னொன்று சிவப்புச் சாயம் தப்பான இடத்தில் வெடித்துவிட்டால் மாற்றிக்கொள்ள. அந்த ஸ்டூடியோவில் யார் சாகப்போகிறார்கள் என்பது சாகிறவனுக்கு முன்னால் தையல்காரிக்குத் தெரிந்துவிடும்.

ஒற்றைக்கண் ஜபேஸ் ஆறு வருடமாக வாராவாரம் தொலைக்காட்சியில் ஓடிய கௌபாய்த் தொடரின் குதிரைலாயக்காரன். அந்த வேடம் போட்டவன் வெல்மாவின் கணவன் ஓரன். அவன் தலைகாட்டிய நூற்றுப் பத்தொன்பது வாரங்களில் பேசியதில் பெரும்பகுதி, கதாநாயகனான ஊர்க்காவல் அதிகாரியைப் பார்த்து, “குதிரை தயார், மார்ஷல்!” என்பதுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு ஓரன் கையில் காகிதக் கட்டோடு ஓடி வந்தான்.

“வெல்மா! கதையில எனக்கு ஒரு அம்மாவக் குடுத்திருக்காங்க! ‘ஜபேஸ் வந்த கதை’ன்னு ஒரு வாரம் முழுக்க என்னைப் பத்தியே! நான் பொறந்த ஊரு, அம்மா பேரு, எல்லாம் இருக்கு. அம்மா பேரு ஹெப்ஸிபா!”

“உக்காரு.”

“ஹெப்ஸிபா! எவ்ளோ நல்ல பேரு!”

“ஓரன், சட்டை மூணு கேட்டிருக்காங்க.”

அவன் வாயில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது.

அந்தத் தொடரில் அம்மாவைப் பற்றிப் பேசியவன் எவனும் அடுத்த வாரத்தைப் பார்த்ததில்லை. தந்தி ஆபீஸ்காரன் அம்மா செய்த ஆப்பிள் பணியாரத்தைப் பற்றி இரண்டு வரி பேசினான். கடைசி விளம்பரம் வருவதற்குள் செத்துப்போனான். பள்ளி ஆசிரியை கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிமிழைத் திறந்து யாருடைய படத்தையோ பார்த்தாள், தீர்ந்தது. நாவிதன், பாவம், “எங்க ஊர்ல” என்று ஆரம்பித்தான். அதற்கே விஷக்காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு போனது.

ஜபேஸ் போனால் ஓரனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வயது ஐம்பத்து நான்கு. கண்பட்டையைக் கழற்றினால் அவனை யாருக்கும் அடையாளம் தெரியாது. போன வசந்தத்தில் இன்னொரு ஸ்டூடியோவில் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, “ஒற்றைக்கண் ஜபேஸ் மாதிரி ஒரு ஆள் வேணும், நீங்க அந்த மாதிரி இல்லையே” என்று அனுப்பிவிட்டார்கள்.

“ஹெப்ஸிபா மடியிலதான் சாகறேனா?” என்று ஓரன் மெதுவாகக் கேட்டான்.

“வாயை மூடிட்டுச் சாப்பிடு” என்றாள் வெல்மா.

சாப்பிட்ட கையோடு அவள் கதாசிரியர் குடிலுக்குப் போனாள். சால் பிராட்கின் நியூயார்க்கிலிருந்து வந்த பையன். பசுமாட்டைப் பார்த்தாலே கும்பிடு போட்டு ஒதுங்கிப் போவான். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் அவன் சந்தோஷமாக இருந்தான்.

“வாங்க மிஸஸ் டக்கெட்! சின்ன வயசுல ஒரு வாத்து கொத்தித்தான் ஜபேஸ் கண்ணு போச்சுன்னு வச்சிருக்கேன். எப்படி?”

“எந்தக் கண்ணு?”

“எதுவோ. பட்டை போட்டிருக்காரே, அந்தக் கண்ணு.”

அவள் தன் நோட்டை விரித்தாள். காட்சிக்குக் காட்சி உடை மாறாமல் இருக்க எடுத்து ஒட்டிய சின்னச் சின்னப் புகைப்படங்கள். ஜபேஸ், இடது கண்ணில் பட்டை. ஜபேஸ், வலது கண்ணில் பட்டை. ஒரே காட்சியில் உள்ளே போகும்போது இடது, வெளியே வரும்போது வலது.

இரண்டாம் வருடம் ஓரனுக்கு இடது கண்ணில் கட்டி வந்தது. பட்டையை வெல்மாவே இடதுக்கு மாற்றினாள். யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் மார்ஷலின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அதன்பிறகு ஓரன் ஓய்வு நேரத்தில் செய்தித்தாள் படித்து எந்தக் கண் களைத்துப்போகிறதோ அந்தக் கண்ணுக்குப் பட்டை.

“அறுபத்தொரு வாரம் இடது. அம்பத்தெட்டு வாரம் வலது” என்றாள். “இதுவரைக்கும் எவனும் கேக்கல தம்பி. நீ கண்ணு போன கதையைக் காட்டினா நாடே கேக்கும்.”

சால் நோட்டை மூடினான். பிறகு திறந்தான். பிறகு தயாரிப்பாளரைக் கூப்பிட ஓடினான்.

கோர்ஹம் பெல் அணையாத சுருட்டோடு வந்தார். படங்களை நெடுநேரம் பார்த்தார்.

“ரெண்டு கண்ணும் போச்சுன்னு வச்சிடலாம்.”

“அப்ப குருடன், சார். குதிரைக்கு லாடம் அடிக்கறானே?” என்றான் சால்.

“சரி. ஒண்ணை வாத்து கொத்துது. அம்மா ஜெபம் பண்ணி அது சரியாகுது. அப்புறம் இன்னொண்ணு போகுது.”

“எப்படிப் போகுது?”

“இன்னொரு வாத்து!”

“ரெண்டு வாத்தை நம்ப மாட்டாங்க சார். சர்க்கஸ்ல கத்தி வீசறவன்.”

“போடு.”

வெல்மா தொண்டையைச் செருமினாள். “அது மட்டுமில்ல, மிஸ்டர் பெல். முதல் வருஷம் ஜபேஸ், கப்பல்ல பொறந்தேன்னு சொன்னான். மூணாம் வருஷம், குளத்தைத் தவிர தண்ணியே பாத்ததில்லன்னான். நாலாம் வருஷ கிறிஸ்துமஸ்ல, என் ஏழு தம்பிங்கன்னான். அஞ்சாம் வருஷம், நான் ஒத்தைப் பிள்ளைன்னு அழுதான். நல்லாவே அழுதான்.”

“யாரு எழுதினது இதெல்லாம்?” என்று பெல் கத்தினார்.

சால் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

மூன்று நாள் உட்கார்ந்து ஜபேஸின் பிறப்பு வளர்ப்பைச் சீர்செய்தார்கள். கப்பல் தரைதட்டியது. ஏழு தம்பிகள் ஒரே பெட்டிவண்டியில் ஏறி, தப்பான பக்கம் திரும்பிப் போய்ச் சேர்ந்தார்கள். பெல் ஒரு ஓட்டையை அடைத்தால், வெல்மா நோட்டைப் புரட்டி இன்னொன்றைக் காட்டினாள். வியாழக்கிழமை நேரம் பார்க்கும் பெண் கடிகாரத்தை அழுத்தி முழுக் கதையையும் வாசித்துப் பார்த்தாள். விளம்பரம் போக இருந்தது இருபத்தைந்தரை நிமிடம். வாத்தும் கத்தியும் கப்பலும் இருபத்தைந்தைத் தின்றுவிட்டன.

“அரை நிமிஷம் இருக்கு” என்றார் பெல். “சாக அரை நிமிஷம் போதும். என் மாமனார் அதைவிடச் சீக்கிரம் போனார்.”

“மார்ஷல் நாலு வார்த்தை பேசணுமே சார்” என்றாள் வெல்மா. “அப்புறம் குனிஞ்சு கண்ணை மூடிவிடுவாரு. எல்லாச் சாவுலயும் அப்படித்தானே பண்றாரு?”

“மூடட்டும்.”

“எந்தக் கண்ணை?”

பெல் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக வெல்மாவுக்குத் தோன்றியது. சுருட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

சுடும் காட்சியை எடுக்கத்தான் செய்தார்கள். ஓரன் ஓட்டைச் சட்டையில் வைக்கோல் மேல் அழகாகச் சாய்ந்தான். “ஹெப்ஸி...” என்றான். நேரம் முடிந்தது. காலை உணவு விளம்பரம் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஜபேஸ் அதே சட்டையில், நெஞ்சில் வெல்மா போட்ட ஒட்டோடு, லாய வாசலில் நின்று, “குதிரை தயார், மார்ஷல்!” என்றான். எப்படிப் பிழைத்தான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்த நானூறு கடிதங்களும் வாத்துக்கு என்ன ஆனது என்றுதான் கேட்டன.

பதினோரு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி நடையில் இளம் டாக்டர் ஒருவர் வெல்மாவிடம் வந்தார். கையில் அட்டை.

“உங்க கணவரோட பழைய விவரம் கொஞ்சம் சொல்லுங்கம்மா. சுருக்கமா.”

வெல்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கான்சாஸில் அவன் பிறந்த வீட்டின் கூரையிலிருந்து ஆரம்பித்தாள். அம்மை போட்டது, பல் உடைந்தது, ராணுவத்தில் காது அடைத்தது, கண்ணில் கட்டி வந்தது. டாக்டர் இரண்டு முறை எழுந்தார்; இரண்டு முறையும் அவள் இன்னொன்றைச் சொல்லி உட்காரவைத்தாள். நடுவில் வாத்தையும் சேர்த்துக்கொண்டாள். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

“எந்தக் கண்ணும்மா?”

“ரெண்டும்” என்றாள். “அது ஒரு பெரிய கதை.”

நர்ஸ் வந்து டாக்டரின் தோளைத் தொட்டபோது வெல்மா ஏழு தம்பிகளில் நான்காவது தம்பிவரை வந்திருந்தாள்.

மூன்றாவது சட்டை அலமாரியில் அப்படியே இருந்தது, பழுப்பு நிறம், முழுசாக. பொத்தான்களை இறுக்கித் தைத்து, அடக்கத்தன்று அதைத்தான் ஓரனுக்குப் போட்டு அனுப்பினாள்.