காந்தம் ஒட்டாத தகடு

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மேன்ஸ்ஃபீல்டு டோனட் கடைக்குப் பின்னால் பதினான்கு பழைய கார்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. வெர்லின் கோசாக் தன் பிக்கப் வண்டியைக் கடைசி வரிசையில் நிறுத்தி, இறங்காமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் ஒவ்வொரு தகட்டையும் அவரே வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்திருந்தார். கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு முழுவதும் கேட்டது.

"ஏழு நாள்ல காரு கட்டுறானுங்களாம். பெயின்ட் காயறதுக்கே பாதி வாரம் போயிருமேடா," என்றார் ரூஃபஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.

"காயறதை எவன் பார்ப்பான்? ஸ்பேனரை வீசுறதைத்தான் பார்ப்பான்." ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் கார்னெட் அந்த டிவி நிகழ்ச்சியைத் திட்டாத வாரமில்லை. பார்க்காத வாரமும் இல்லை. "கெடு முடிய ரெண்டு மணி நேரம் இருக்கறப்ப மட்டும் என்ஜின் கிளம்பாது பாரு. எங்க வீட்டுக்காரன் மாதிரி, விருந்தாளி வந்தாத்தான் அதுக்கு நோவு வரும்."

சிரிப்பு அடங்கியதும் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் சொன்னார்: "எல்லாம் நாடகம்தான். ஆனா நடுவுல ஒருத்தன் வேலையைப் போட்டுட்டு ஓடினானே, அது நிஜம்தானே?"

ரூஃபஸ் பிக்கப்பைப் பார்த்தார். தொப்பிக்காரரும் திரும்பிப் பார்த்தார். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

'ஏழு நாள் கராஜ்' நிகழ்ச்சியில் வெர்லின் பதினான்கு மாதம் டிங்கர் வேலை பார்த்தார். போன அக்டோபரில் ஓர் அறுபத்தொன்பதாம் வருடத்துக் கார் வந்தது. ஐந்தாம் நாள், இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே தகடு துரு தின்று சல்லடையாக இருப்பது தெரிந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க இன்னும் நான்கு மணி நேரம் கேட்டார். நிகழ்ச்சியை நடத்தும் சேஸ் ஹாலண்டர், துருவின் மேலேயே பட்டி பூசித் தேய்த்துவிடச் சொன்னான். வெர்லின் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியேறினார். டிவியில் அவர் முதுகு மட்டும் வந்தது, சோகமான இசையோடு. "சிலருக்கு உழைப்பு ஒத்துக்கிறதில்லை," என்றான் சேஸ்.

அதன்பின் ஊரில் மூன்று பட்டறைகளில் வேலை கேட்டார். மூன்றிலும் "டிவியில பார்த்தோம்" என்றார்கள். முப்பது வருடம் சுத்தியல் பிடித்த கை இப்போது கிடங்கில் டயர் இறக்குகிறது.

ஆகஸ்டில் மாவட்டப் பொருட்காட்சிக்கு அந்தக் கார் வருகிறதென்று சுவரொட்டி ஒட்டினார்கள். வெர்லின் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பெயர்த்தெடுத்து, பெயின்ட் கீறாமலிருக்க ஃபிளானல் துணியில் சுற்றித் தைத்தார்.

பழைய கார் பிரியர்கள் எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கும். உடையவரைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். உள்ளே இரும்பிருந்தால் ஒட்டும், பட்டியென்றால் நழுவும். கேட்ட பிறகு மறுக்கிற ஆளை மறுபடி யாரும் மதிப்பதில்லை.

"வேண்டாம்ப்பா, விட்ரு," என்றார் ரூஃபஸ்.

"பத்து மாசமா இதைத்தான் ஒத்திகை பார்க்கறேன். அவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பார்க்கணும்."

கையெழுத்து வாங்குகிறவர்களின் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். சேஸ் அவரைக் கண்டதும் கையை விரித்தான். "அட, ஓடிப்போனவரு வந்துட்டாருப்பா!" கூட்டம் சிரித்தது.

"கையெழுத்து வேண்டாம். காந்தம் வைக்கலாமா?"

சுற்றிலும் அறுபது பேர், எல்லாரும் பழைய கார் வைத்திருப்பவர்கள். சேஸ் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தாராளமா," என்றான்.

கதவில் காந்தம் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே வைத்துக் கையை எடுத்தார். வழுக்கிக் கீழே வந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் நிற்கவில்லை.

"உள்ள காரு இருக்கா, இல்ல மாவைப் பிசைஞ்சு ஒட்டியிருக்கானுங்களா?" என்று கார்னெட் கத்தினாள். யாரோ விசிலடித்தார்கள். சேஸுக்குக் காதுமடலில் தொடங்கிய சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. வெர்லின் அதை அவசரப்படாமல் பார்த்தார்.

நிகழ்ச்சியின் காமிராவுக்குப் பின்னால் நின்றிருந்த தயாரிப்பாளர் பெண் முன்னால் வந்தாள். "பிரமாதம் சார். இன்னொரு தடவை வைங்களேன், வெளிச்சம் சரியா விழலை."

இன்னொரு தடவை வைத்தார். மூன்று தடவை வைத்தார். ஒவ்வொரு தடவையும் காந்தம் விழுந்தது, கூட்டம் ஊளையிட்டது.

"இந்தத் தகட்டுல நீங்க வேலை பார்த்தீங்களா சார்?"

"அஞ்சு நாள் நான்தான் பார்த்தேன். துரு மேல பட்டி பூசச் சொன்னான். மாட்டேன்னு கிளம்பிட்டேன். இது எனக்கப்புறம் பூசினது."

எடுத்த படத்தை ஒளிபரப்பச் சம்மதம் என்று அச்சடித்த ஒரு தாளை நீட்டினாள். அந்தக் காரின் பானெட் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பார்த்தியா?" என்றார் ரூஃபஸ்.

"அவன் கழுத்தைப் பார்த்தியா நீ?" என்றார் வெர்லின்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, டோனட் கடைக்குப் பின்னால், கார்னெட்டின் போனைச் சுற்றித் தலைகள் குனிந்திருந்தன. வெர்லின் போனதும் வழிவிட்டார்கள். திரையில் காந்தம் விழுந்தது. அவருடைய குரல் கேட்டது: "அஞ்சு நாள் நான்தான் பார்த்தேன்." அதோடு நின்றது. சேஸ் தலையை ஆட்டினான். ஆணியில் தொங்கும் கையுறையை மறுபடி காட்டினார்கள். பிறகு பொறி பறக்க அந்தத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுசு வைத்தார்கள். அவர் கேட்ட அதே நான்கு மணி நேர வேலை. "ஒருத்தர் மறைச்சு வச்சுட்டுப் போனதை நாங்க நேர்மையா சரி பண்றோம்," என்றான் சேஸ்.

"நாங்க அங்கதானே நின்னோம்? நாங்க சொல்றோம்பா," என்றார் ரூஃபஸ்.

"யார்கிட்ட?" என்றார் வெர்லின்.

கார்னெட் போனைப் பைக்குள் போட்டாள். "எழவெடுத்தவனுங்க," என்றாள்.

வெர்லின் தன் பிக்கப்புக்குத் திரும்பினார். வெள்ளைத் தொப்பிக்காரர் அதன் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். அவர் கையில் ஒரு காந்தம். கேட்கவில்லை. கதவில் வைத்தார், ஒட்டியது. பிடுங்க இரண்டு இழுப்புத் தேவைப்பட்டது. வெர்லின் நிற்பதைப் பார்த்தார். அடுத்த தகட்டுக்கு நகர்ந்து, பின்சக்கரத்துக்கு மேலே காந்தத்தை வைத்தார்.