மார்கரெட் அம்மாளின் கல்

ரங்கூனில் அலோன் ஜெட்டி என்ற கப்பல்துறைக்குப் பின்னால் இருந்த தமிழர் லைனில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு துவைகல் கிடந்தது. நல்ல கருங்கல், மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கல் என்றால் கல், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ரங்கூனில் மழை கொட்டித் தீர்த்தது. கிணற்றடி மண் கரைந்து, ஒருநாள் காலையில் கல் அடிமேலாகப் புரண்டு கிடந்தது. அடிப்பக்கம் முழுக்க எழுத்து.

முதலில் பார்த்தவள் தைலம்மாள். புருஷனைப் பறிகொடுத்தபின் சுற்றுவட்டார வீடுகளுக்கெல்லாம் துணி துவைத்துப் பிழைப்பவள் அவள். துணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கனகாம்பாளைக் கூட்டிவந்தாள். லைனில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை கனகாம்பாள் ஒருத்திதான். பாதிரிமார் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா.

கனகாம்பாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தென்னைமட்டையால் சேற்றை வழித்துவிட்டு, கூடிநின்ற பெண்கள் கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஆயிரத்து எழுநூத்தி முப்பத்தொண்ணாம் வருஷம். மார்கரெட். கப்பல் கட்டுகிற தாமஸ் என்பவரின் மனைவி. சிரியன்..." அதோடு கல் உடைந்திருந்தது.

"சமாதிக் கல்லு!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அந்த ஒரு சொல் போதும். இன்னாருடைய மனைவி இன்னாள் என்று கல்லில் எழுதி வைப்பது வேறு எதற்காக? அந்த வாரமே லைனில் இரண்டு மூன்று வீட்டில் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வருஷம் உண்டா? ஆனால் பேச்சு தைலம்மாள்மேல் திரும்பிற்று. "செத்தவ நெஞ்சுமேல வருஷக்கணக்கா அடிச்சுத் துவைச்சா, சும்மா விடுவாளா?" என்றார்கள். துணி போட்ட வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. தைலம்மாள் கிணற்றுப் பக்கமே போவதில்லை. வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பாள். கனகாம்பாளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கனகாம்பாளுக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆனால் குத்தியது அது மட்டுமல்ல. யார் இந்த மார்கரெட்? ரங்கூனை இங்கிலீஷ்காரன் பிடித்து ஊராகக் கட்டி எழுபது எண்பது வருஷம் ஆகியிருக்கலாம். கல்லில் இருப்பதோ அதற்கும் நூறு வருஷம் முந்திய கணக்கு. அப்போது இங்கே வெள்ளைக்காரிக்கு என்ன வேலை? சிரியன் என்றால் என்ன? வேதபுத்தகத்தில் வருகிற சிரியா தேசமா? அத்தனை தூரத்திலிருந்தா ஒருத்தி இங்கே வந்தாள்?

பழைய செய்தித்தாள் ஒன்றைக் கல்மேல் விரித்து, அடுப்புக்கரியால் தேய்த்து, எழுத்தையும் உடைந்த ஓரத்தையும் அப்படியே ஒற்றி எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் அப்பாசாமி ஜெட்டியில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. அவன் அதைப் பார்த்துவிட்டு, "பொழுது போகலேன்னா அப்பளம் இடேன்" என்றான்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஆற்றங்கரை வழியாக வந்துகொண்டிருந்தாள். அக்கரையில் உள்ள சிரியம் ஊருக்குப் போகிற லாஞ்சுக்கு ஆள் கூப்பிடுகிறவன் வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "சிரியம்! தன்லியின்! சிரியம்!" பர்மாக்காரர்களுக்கு அது தன்லியின். இங்கிலீஷ்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் சிரியம். தினமும் காதில் விழுகிற கூச்சல்தான். அன்றைக்குப் பாதித் தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

சிரியா இல்லை. சிரியம். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் நாக்கில் அது சிரியன் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை சிரியம் போறோம்."

"செத்துப்போன வெள்ளைக்காரியைத் தேடியா ஆத்தைத் தாண்டணும்?"

"அவ செத்ததுக்குத்தான் கல்லு வெச்சாங்களான்னே தெரியலையேங்க."

"இருநூறு வருஷம் ஆகப்போகுது. செத்திருக்க மாட்டாளாக்கும்!"

சிரித்தானே தவிர, ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் கிளம்பிவிட்டான்.

லாஞ்சை விட்டு இறங்கியதும் எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மண்ணெண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள்தான் இப்போது சிரியத்தின் அடையாளம். பழைய ஊர் எங்கே என்று கேட்டால், ஆலைக்கூலிகள் சிரித்தார்கள். கடைசியில் தேநீர்க்கடை வைத்திருந்த பர்கத்துல்லா மரைக்காயர்தான் நின்று பதில் சொன்னார். நாகூர்ப் பக்கத்து ஆள்.

"பழசுன்னா அந்த மேட்டுல ஒரு மாதாகோவில் இடிஞ்சு கெடக்குது தங்கச்சி. கூரை கிடையாது. ஆனா அது இங்கிலீஷ்காரன் கட்டினதில்லேம்பாங்க."

"இங்கிலீஷ்காரங்க எங்க இருந்தாங்க, பாய்?"

"ஓடைப்பக்கம் அவங்க சரக்குக் கிட்டங்கி இருந்துச்சாம். ஏதோ சண்டையில எரிஞ்சுபோச்சாம். இப்போ வெத்தலைத் தோட்டம். போனா செங்கல் பொடிதான் பார்க்கலாம்."

முதலில் மேட்டுக்குப் போனார்கள். செங்கல் சுவர்கள் வானத்தைப் பார்த்து நின்றன. ஜன்னல் வழியாக ஆலமரம் ஒன்று வெளியே கை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சில கல்லறைகள். கனகாம்பாள் ஒவ்வொன்றின் பாசியையும் சுரண்டிப் பார்த்தாள். ஏதோ வேறு பாஷை. கல்லும் வேறு, சிவந்த, சொரசொரப்பான கல்.

"நம்ம கல்லு கருப்பு. இங்க அந்த ஜாதிக் கல்லே இல்லை, பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன். வெயிலும் கருப்பாத்தான் ஆக்குது" என்றான் அப்பாசாமி.

அங்கிருந்து ஓடைப்பக்கம் இறங்கினார்கள். பாதை போகப் போக மண்ணின் நிறம் மாறியது. கனகாம்பாள் குனிந்து குனிந்து நடந்தாள். காலடியில் செங்கல் துண்டு, நீலப்பூப் போட்ட பீங்கான் சில்லு, துருவேறிய பெரிய ஆணி. ஓரிடத்தில் வெற்றிலைக்கொடி வரிசை நேராகப் போகாமல் சட்டென்று வளைந்தது. ஏனென்று மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கீழே தடித்த சுவரின் அடி. தோட்டக்காரன் சுவரைச் சுற்றிக் கொடி நட்டிருக்கிறான்.

"இது வாசல். இது முற்றமா இருக்கும். கப்பல் கட்டறவன் வீடுன்னா தண்ணிக்குக் கிட்டத்தானே இருக்கணும்?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாள். அப்பாசாமி முதலில் கொட்டாவி விட்டான். பிறகு அவனும் ஒரு ஆணியைப் பொறுக்கித் துடைத்து, "இது கப்பல் ஆணிதான். பலகையில அறையறது. ஜெட்டியில பார்த்திருக்கேன்" என்றான். அதற்குப்பின் கொட்டாவி நின்றுவிட்டது.

தாகம் தாங்காமல் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த மரவீட்டில் தண்ணீர் கேட்டார்கள். வீட்டுக்காரி டாவ் மியா கின், ஐம்பது வயதிருக்கும், கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசி, சுருட்டும் கையுமாக வந்தாள். கொல்லையில் இருந்த கிணற்றில் இறைத்துக் கொடுத்தாள். ஆற்றோரத்துக் கிணறு எல்லாம் உப்புக் கரிக்கும். இது இளநீர் போல இருந்தது.

செம்பைத் திருப்பிக் கொடுக்கப் படியேறும்போதுதான் கனகாம்பாள் குனிந்து பார்த்தாள். வீட்டின் முதல் படி கருங்கல். ஒரு பக்கம் கோணலாக உடைந்திருந்தது. மடித்து எடுத்துவந்த செய்தித்தாளைப் பிரித்து அந்த ஓரத்தில் வைத்தாள்; பொருந்தாமல் போகவே மறுபுறம் திருப்பி வைத்தாள். பல்லுக்குப் பல் பொருந்திற்று.

"அமே, இந்தப் படியைப் புரட்டிப் பார்க்கணும்" என்றாள் தனக்குத் தெரிந்த பர்மாப் பேச்சில்.

டாவ் மியா கின்னின் முகம் மாறிவிட்டது. "புதையலா? போன வருஷமும் நாலு பேர் வந்து என் வாழைக்குழியை எல்லாம் தோண்டிட்டுப் போனாங்க. கிளம்புங்க!"

"புதையல் இல்லை, அமே. எழுத்து."

"எழுத்தா?" சுருட்டு வாயிலேயே நின்றது. "எழுத்து இருக்கிறது எனக்குத் தெரியும். எழுத்து மேல கால் படக்கூடாதுன்னு என் அப்பாதான் அதைக் கவிழ்த்துப் போட்டாரு. என்ன எழுதியிருக்குன்னு படிக்க ஆளில்லை."

"நான் படிக்கிறேன்."

டாவ் மியா கின்னுக்கு ஆசை பயத்தை ஜெயித்துவிட்டது. "தங்கம் இருந்தா பாதி எனக்கு" என்று சொல்லிவிட்டு மருமகனைக் கூப்பிட்டாள். அவன் கடப்பாரையோடு வந்தான். அப்பாசாமி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவனோடு தோள்கொடுத்தான். கல் மெல்லப் பெயர்ந்தது. அடியில் நாலு மண்புழுவும் ஒரு தேளும்தான் இருந்தன. தேளை அடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

கனகாம்பாள் படித்தாள். முதலில் வாய்க்குள். பிறகு தமிழில், பிறகு பர்மாப் பேச்சில்.

"...ஊரில், தன் கணவர் கடலிலிருந்து உயிரோடு திரும்பி வந்ததற்கு நன்றியாக இந்தக் கிணற்றை வெட்டுவித்தாள். எந்த நாட்டாரும் இதில் இறைத்துக் குடிக்கலாம்."

டாவ் மியா கின் திரும்பிக் கொல்லைக் கிணற்றைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தண்ணீர் இறைக்கிற கிணறு. போய் அதன் செங்கல் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு பாதி எப்படி ரங்கூனுக்கு வந்தது?" என்று கேட்டாள் கனகாம்பாள், செய்தித்தாளில் இருந்த முதல் பாதியையும் படித்துக் காட்டிவிட்டு.

"என் சின்ன வயசிலே இங்கேயிருந்து செங்கல்லும் கல்லும் படகு படகாப் போகும். ரோட்டுக்கும் துறைக்கும் போட. அதுல போயிருக்கும்." டாவ் மியா கின் சட்டென்று நிமிர்ந்தாள். "இனி இது படியில்லை." கல்லைக் கிணற்றடிக்கு உருட்டச் சொல்லி, எழுத்து வெளியே தெரியும்படி நிமிர்த்தி நடச் சொன்னாள். வந்தவர்களை விடவில்லை. பனைவெல்லமும் வறுத்த நிலக்கடலையும் தேநீரும் வந்தன.

அப்பாசாமிதான் அதைப் பார்த்தான். மண் அணைப்பதற்காகக் குனிந்தவன், "கனகு! இங்க வா, இங்க வா!" என்று கத்தினான். கல்லின் பக்கவாட்டில், விரல்நக அளவில், புள்ளி வைக்காத பழைய தமிழ் எழுத்து. தொடக்கம் சிதைந்துவிட்டது. மிச்சம்: 'பபன கொததினது.'

"நம்ம ஊர்க் கல்தச்சன்!" அப்பாசாமிக்கு மூச்சு வாங்கியது. "சென்னைப்பட்டணத்துல கொத்திக் கப்பல்ல ஏத்தியிருக்கான். வெள்ளைக்காரிக்குத் தெரியாம தன் பேரையும் ஓரத்துல போட்டுட்டான், களவாணி!"

"ப்பன் கொத்தினது. குப்பனா, சுப்பனா?"

"சுப்பன்தான். இதோ பாரு, 'சு'வோட வால்."

"அது கீறலுங்க."

லாஞ்சு போய்விட்டது. சம்பான் பிடித்துத்தான் திரும்பினார்கள். ஆற்றைத் தாண்டுகிறவரைக்கும் குப்பனா சுப்பனா என்ற வழக்கு ஓயவில்லை. துடுப்புப் போட்ட சிட்டகாங்காரன் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து அப்பாசாமியை இரக்கத்தோடு பார்த்தான்.

லைனுக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கனகாம்பாள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தைலம்மாள் வாசலுக்குப் போனாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முன்னால், "அக்கா, அது சமாதி இல்லை. கிணத்துக் கல்லு" என்றாள்.

பேச்சுக் கேட்டு மற்றவர்களும் வந்து கூடினார்கள். முழுக்கச் சொன்னாள். சிலர் நம்பினார்கள். "இருநூறு வருஷத்துக் கல்லு, வாத்தியாரம்மா சொல்றதுதானா சத்தியம்?" என்றாள் ஒருத்தி. அவள் வீட்டுத் துணி அதன்பிறகு எப்போதும் தைலம்மாளிடம் வரவில்லை. மற்ற வீடுகள் மெதுவாக, ஒன்றும் நடக்காததுபோல, திரும்ப மூட்டை அனுப்பின. எழுத்து கீழே போகக்கூடாது என்று அப்பாசாமி அந்தக் கல்லைத் தூக்கிக் கிணற்றுச் சுவரில் பதித்தான். துவைக்க வேறு கல் போட்டார்கள்.

ஆனால் அது எல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகும் தைலம்மாள் கனகாம்பாளின் கையை விடவில்லை.

"புருஷன் கடல்லேருந்து திரும்பினதுக்கா கிணறு வெட்டினா?"

"ஆமாக்கா. அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்போ வந்துட்டானா அவன்? நல்லபடியா?"

"வந்துட்டான்."

தைலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும் ரெண்டு பேரும்" என்றாள்.