இந்த ஓவர் முடியட்டும்

திவான் அலுவலகமான ஹஜூர் கச்சேரியின் ஹெட்கிளார்க் பஞ்சாபகேசன் பிறந்ததிலிருந்து கிரிக்கெட் மட்டையைத் தொட்டதில்லை. பந்து தோல் என்பதால் அதையும் தொட்டதில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் எந்த மைதானத்தில் யார் ஆடினாலும், எல்லைக்கோட்டுக்கு அரை அடி வெளியே கறுப்புக் குடையும் அங்கவஸ்திரமுமாக அவர் நிற்பார். ஆட்டத்தின் சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். அம்பயர் தப்பாக விரலைத் தூக்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஸ்ரீவராகம் தெருவில் சிரார்த்தத்தில் சந்தேகம் வந்தால் முன்ஷி நீலகண்டனிடம் போவார்கள், எல்.பி.டபிள்யூவில் சந்தேகம் வந்தால் பஞ்சாபகேசனிடம் வருவார்கள். இரண்டாவது வகைச் சந்தேகம் அந்தத் தெருவில் அதிகம் பேருக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வருஷா வருஷம் மாசி மாதத்தில், பொன்முடித் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார் மலையிறங்கி வந்து ஊர்க்காரர்களோடு இரண்டு நாள் ஆடுவார்கள். ஊர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் துரைமார் நம் பையன்களின் முதுகில் தட்டிக்கொடுத்து, பரவாயில்லை, நன்றாக முயற்சி செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் சாப்பிடப் போவார்கள். தோற்பதைக்கூடப் பஞ்சாபகேசன் பொறுத்துக்கொள்வார். அந்த முதுகுத் தட்டல்தான் அவருக்குப் பொறுக்காது. பதினைந்து வருஷமாக அதைத் தம் முதுகிலேயே வாங்கிக்கொண்ட மாதிரி வீடு திரும்பி, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் படுத்துக்கொள்வார்.

இந்த வருஷம் ஊருக்காக அவருடைய மைத்துனன் கல்யாணராமன் ஆடினான். மனைவி ஜெயலக்ஷ்மியின் ஒரே தம்பி. எதிர் வீட்டில் அம்மாவோடு இருந்தான். அவனை முதன்முதலில் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போனவர் அத்திம்பேர்தான். அவன் மட்டை பிடிக்கும் அழகைப் பார்த்தால் அவருக்குக் கண் நிறைந்துவிடும். தமக்குப் பிள்ளை இல்லாத குறையை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணம் ஆடும்போது அந்தக் குறை அவருக்கு நினைவிருந்ததும் இல்லை.

ஆட்டத்தின் இரண்டாம் நாள் காலையில் மாமியார் லலிதாம்பாளுக்கு உடம்பு மோசமாயிற்று. ஒரு மாதமாகவே படுக்கைதான். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பயமில்லை என்றும் சொல்லவில்லை, பயம் என்றும் சொல்லவில்லை. ஜெயலக்ஷ்மி கணவனை அம்மா வீட்டுக் கூடத்தில் மறித்துக்கொண்டாள்.

"ஏன்னா, அவன் இன்னிக்குப் போகவேண்டாம். அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஏதாவது ஆச்சுன்னா காதுல மந்திரம் சொல்ல வேற யார் இருக்கா?"

உயிர் பிரிகிற நேரத்தில் பிள்ளை தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வலது காதில் கர்ண மந்திரம் ஓதவேண்டும். லலிதாம்பாள் பணம் கேட்டதில்லை, காசி யாத்திரை கேட்டதில்லை. கல்யாணம் வந்து காதில் சொல்லவேண்டும் என்ற ஒன்றைத்தான் இந்த ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கூடவே இருக்கேன் ஜெயா. மைதானம் என்ன மதராஸிலேயா இருக்கு? ஒரு ஆளை அனுப்பு போதும். அடுத்த நிமிஷம் ஜட்காவுல ஏத்திக் கொண்டுவந்து நிறுத்திடறேன். இது என் பொறுப்பு."

உள்ளேயிருந்து கிழவியின் குரல் மெல்ல வந்தது. "போய்ட்டு வரட்டும்டி. மாப்பிள்ளை இருக்கார் இல்லையா."

கல்யாணராமன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

மைதானத்தில் அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கச்சேரி குமாஸ்தாக்கள், காலேஜ் பையன்கள், சாலைக் கடைத்தெருச் செட்டியார்கள், துரைமாரோடு மலையடிவாரத்து வித்துராவிலிருந்து வந்த தோட்டக் கங்காணிகள் என்று எல்லைக்கோட்டைச் சுற்றித் தலைகள். மத்தியானத்துக்குமேல் ஊர் நாலு விக்கெட் இழந்து திணறியபோது கல்யாணராமன் இறங்கினான். முதல் பந்திலேயே கொஞ்சம் தடுமாறினான். பஞ்சாபகேசன் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது அவருக்கு உறைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் ஆடிய ஆட்டத்தை அந்த ஊர் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தது. அவசரம் கிடையாது, ஆத்திரம் கிடையாது. வேகமாக வந்த பந்தை வழிவிட்டு அனுப்பினான். அளவு தப்பிய பந்தை நிமிர்ந்து அடித்தான். மறுபக்கத்தில் விக்கெட் விழுந்துகொண்டே இருந்தது. ஆனாலும் ஓட்டம் ஏறியது. இன்னும் நாற்பது எடுத்தால் ஜெயிக்கலாம் என்ற நிலை வந்தபோது, துரைமார் கூடாரத்தில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனதைப் பஞ்சாபகேசன் காதால் கேட்டார். பதினைந்து வருஷத்தில் அவர் கேட்ட மிக இனிமையான நிசப்தம் அது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்ஷி நீலகண்டன் வந்தார். அடுத்த வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத முன்ஷி. கிரிக்கெட் மைதானத்தில் அவர் கால் வைத்தது அன்றுதான். மேல்துண்டு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் மூச்சிரைக்க நின்றார்.

"அண்ணா, மாமிக்கு முடியலை. மேல்மூச்சு வாங்கறது. தரையில இறக்கிக் கிடத்தியாச்சு. கல்யாணத்தை வேகம் அழைச்சுண்டு வரச் சொன்னா ஜெயா. ஜட்கா நிறுத்தியிருக்கேன்."

கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கினால் அதற்குமேல் அதிக நேரம் இல்லை என்பது பஞ்சாபகேசனுக்கும் தெரியும். மைதானத்தைப் பார்த்தார். கல்யாணம் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாரானான்.

"இந்த ஓவர் முடியட்டும்" என்றார்.

ஓவர் முடிந்தது. அதில் இரண்டு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டின. கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த ஓவர் தொடங்கிவிட்டது. நீலகண்டன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, கூப்பிடலியா? நானே உள்ள போய்ச் சொல்லட்டா? அதோ, அந்தக் கோடியில நிக்கறது கல்யாணம்தானே?"

சொல்லிக்கொண்டே நீலகண்டன் ஒரு காலைக் கோட்டுக்குள் வைத்துவிட்டார். பஞ்சாபகேசன் அவர் கையை எட்டிப் பிடித்து இழுத்தார். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. வாயும் தானாகப் பேசிற்று.

"உள்ள போகாதேயும் ஓய். ஆடறவனை நடுவுல கூப்பிடப் பாடில்லை, கூடாது. சட்டம்."

"அம்மா சாகக் கிடக்கறப்போ கூடவா?"

"கூடத்தான். ஒண்ணு, அவன் அவுட் ஆகணும். இல்லேன்னா டீக்கு விடணும். அதுவரைக்கும் யாரும் கூப்பிட முடியாது."

அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆடுகிறவன் எப்போது வேண்டுமானாலும் மைதானத்தை விட்டு வெளியே வரலாம். எதிர்த்தரப்புக் கேப்டன் சம்மதித்தால் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து ஆடவும் ஆடலாம். அந்தத் துரை இதற்கு மறுக்கிறவரும் இல்லை. இது அத்தனையும் அந்த மைதானத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பஞ்சாபகேசனுக்குத் தெரியும். ஆனால் கல்யாணம் போய்விட்டால் மிச்சமிருக்கிறவர்கள் பத்து நிமிஷம் நிற்க மாட்டார்கள். அவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்து, முதுகில் தட்டுவதற்கு ஆள் வந்துவிடும். அதுவும் அவருக்குத் தெரியும்.

வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். நீலகண்டன் சாஸ்திரத்தில் வளர்ந்த மனுஷர். சட்டம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்கு அதற்குமேல் பேச்சில்லை. ஏன், எதற்கு என்று கேட்காமல் எத்தனையோ விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவருக்கு, இந்த விதியும் அந்த மாதிரி ஒன்றாகத்தான் பட்டது.

"அப்போ சரி. மாமியோட பிராப்தம். டீ எப்போ?"

"கொஞ்ச நேரந்தான். விட்டதும் கையோட கூட்டிண்டு வந்துடறேன். நீர் முன்னால போய் ஜெயாகிட்ட சொல்லும்."

"ஜட்கா உங்களுக்கு இருக்கட்டும். நான் நடந்தே போறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த நல்ல மனுஷர் வெயிலில் விறுவிறுவென்று நடந்தார்.

பஞ்சாபகேசன் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். போன செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் மூச்சு வாங்கிற்று, பிறகு எழுந்து கஞ்சி குடிக்கவில்லையா? தரையில் இறக்கின பிறகு இரண்டு நாள் கிடந்தவர்கள் இல்லையா? டீக்கு விட்டதும் முதல் காரியம் அதுதான். டீ நேரம் வந்தது. இரண்டு கேப்டன்களும் நடுவில் நின்று பேசினார்கள். இன்னும் பதினெட்டு ஓட்டம்தானே, டீயைத் தள்ளிப்போட்டு முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த ஒரு நிமிஷம் ஆட்டம் நின்றிருந்தது. கல்யாணராமன் மட்டையை ஊன்றிக்கொண்டு, அத்திம்பேர் நிற்கும் திக்கைப் பார்த்தான். கையை உயர்த்தி அழைத்தால் போதும். அவன் ஓடி வந்திருப்பான்.

பஞ்சாபகேசன் கையை உயர்த்தத்தான் செய்தார். ஆனால் நிதானமாக ஆடு என்கிற மாதிரி உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஊர் ஜெயித்தது. ஜெயித்த ஓட்டமும் கல்யாணராமன் மட்டையிலிருந்துதான் வந்தது. கூட்டம் தலைகால் புரியாமல் உள்ளே பாய்ந்தது. துரைமார் கேப்டன் ஓடி வந்து அவன் முதுகில் தட்டவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். இதைப் பார்க்கத்தானே பதினைந்து வருஷம் காத்திருந்தது? பஞ்சாபகேசன் அதைப் பார்த்தார். பார்த்தபோது நெஞ்சில் ஒன்றுமே இல்லை. ஜனங்களை முட்டித் தள்ளிக்கொண்டு அவனிடம் போனார்.

"அத்திம்பேர், பார்த்தேளா?" என்றான் கல்யாணம். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக இருந்தான்.

"அம்மாவுக்கு முடியலை. வா."

சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டத்தில் யாரோ போட்ட மாலையைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டு ஓடினான். ஜட்காவில் உட்கார்ந்து கால் பேடுகளை அவிழ்க்க முயன்றான், தோல் வார் கழலவில்லை. பஞ்சாபகேசன் குனிந்து, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் தோலைத் தொட்டு அவிழ்த்துவிட்டார்.

"ஆள் எப்போ வந்தது, அத்திம்பேர்?"

"கொஞ்சம் முன்னாடி."

அவன் உதடு அசைந்துகொண்டே வந்தது. மந்திரத்தை மறந்துவிடாமல் இருக்கச் சொல்லிப் பார்க்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போல் இருந்தது அவருக்கு.

தெரு திரும்பும்போதே ஜெயலக்ஷ்மியின் அழுகைச் சத்தம் கேட்டது. அழுகிற சத்தம் கேட்டால் போதும், எது முடிந்தது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. கல்யாணராமனின் உதடு நின்றுபோயிற்று.

கூடத்தில் லலிதாம்பாள் தெற்கே தலைவைத்துக் கிடந்தாள். இடது பக்கமாக ஒருக்களித்திருந்தாள். ஜெயலக்ஷ்மி தம்பியைப் பார்த்ததும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"வலது காது மேல இருக்கணும்னு அவளாவே திரும்பிப் படுத்துண்டாடா. வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுண்டே இருந்தா. கடைசியில பேச்சு நின்னப்பறமும் காதைக் குடுத்துண்டே கிடந்தா."

கல்யாணராமன் கொஞ்ச தூரத்தில் நின்றான். தோலைத் தொட்ட உடம்போடு தாயைத் தொடக்கூடாது. வெள்ளைச் சட்டையும் புல் ஒட்டிய கால்சட்டையுமாக, தன் வீட்டுக் கூடத்தில் அந்நியன் போல நின்றான். ஜெயலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காலையில் அவர் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"நீலகண்டன் அங்க வந்து எத்தனை நேரமாச்சு தெரியுமோ? நடுவுல கூப்பிடப் பாடில்லை, சட்டம்னு உங்க அத்திம்பேர் சொன்னாராம். பெத்தவ சாகறப்போகூட விடாத அப்படி ஒரு சட்டம் இருக்காடா அதுல? நீ சொல்லு."

நீலகண்டன் தூணோரம் தலைகுனிந்து நின்றார். தெருக்காரர்கள் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படிச் சட்டமே கிடையாது என்று அவன் சொல்லட்டும், நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்து உலுக்கட்டும் என்று பஞ்சாபகேசன் மனசார வேண்டிக்கொண்டார். அதற்குப் பிறகாவது அழுவதற்குத் தமக்கு ஒரு பாத்தியதை கிடைக்கும் என்று நினைத்தார்.

கல்யாணராமன் அத்திம்பேரை ஏறிட்டுப் பார்த்தான். எல்லாம் தெரிந்துகொண்ட பார்வை அது. மைதானத்தில் ஆட்டம் நின்றிருந்த அந்த நிமிஷத்தையும், கீழ்நோக்கி அசைந்த கையையும் அவன் அந்தப் பார்வையில்தான் மறுபடி பார்த்துக்கொண்டான்.

"ஆமாம் அக்கா" என்றான். "அப்படித்தான் சட்டம்."

ஜெயலக்ஷ்மியின் முகத்திலிருந்து கோபம் இறங்கிப் போயிற்று. "அப்போ இவரைச் சொல்லி என்ன பண்றது" என்று முணுமுணுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் பழையபடி அழத் தொடங்கினாள்.

பஞ்சாபகேசன் வாயைத் திறந்தார். "கல்யாணம்" என்று தொடங்கினார்.

அவன் கிணற்றடிக்குப் போக அவரைத் தாண்டி நடந்தான். தாண்டும்போது நிற்கவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"நீங்களும் தோலைத் தொட்டிருக்கேள், அத்திம்பேர். குளிச்சுட்டு உள்ள வாங்கோ" என்று மட்டும் சொன்னான்.