பாதாள ராணிக்கு எதிராக இரண்டு கைகள்

எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றவனை நர்ஸ், உண்டியலை உடைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டு கிலோ கூட இருக்கு. தண்ணித் தொட்டியையே முழுங்கிட்டு வந்தியா?"

"இல்ல சிஸ்டர், நேத்து மழைல நனைஞ்சேன். உடம்புல ஊறியிருக்கும்."

"வாலு! போய்ப் படு."

அந்த டயாலிசிஸ் பிரிவில் அவனுக்கு வாலு என்றுதான் பெயர். கல்லூரியில் கடைசி வருஷம். சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லிக்கொள்ளாமல் ராஜினாமா செய்துவிட்டதால், வாரம் மூன்று மத்தியானம் வலக்கையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு நான்கு மணி நேரம் மல்லாந்திருப்பான். இரத்தம் ஒரு குழாய் வழியாகக் குளிக்கப் போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். உடம்பில் சேரும் தண்ணீர் வெளியேற வேறு வழியில்லை. ஆகவே நாள் முழுக்க அவனுக்கு மூன்று தம்ளர்தான். மூன்றாவது தம்ளரை அவன் பார்க்கிற பார்வையில் எந்தப் பெண்ணையும் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் டிரைவிங் அக்கா அவனுக்கு முன்னாலேயே ஊசி குத்திக்கொண்டு படுத்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த சாப்பாட்டு மேசையில் விளையாட்டு அட்டையை விரித்து, பூதங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

"சீக்கிரம் வாடா. இன்னைக்கு ராணியப் பாத்துடணும். நாளைக்கு எனக்கு நேரமில்ல."

நாளைக்கு அவருக்கு ஆபரேஷன். தம்பி சிறுநீரகம் தருகிறார். இந்தக் கட்டிலில் அக்காவுக்கு இதுதான் கடைசி மத்தியானம். ராணியைச் சேர்ந்து ஜெயிப்பதென்றால் இன்றைக்கு ஜெயித்தால்தான் உண்டு. வாலு நேற்றிலிருந்தே அக்காவிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தான். அது நன்றியில் முடிந்ததால் அடித்துவிட்டு, அடித்துவிட்டு, மறுபடி எழுதினான்.

இதே ஆட்டத்தை அவன் வெகுநாள் கைப்பேசியில் தனியாக ஆடினவன். சோப்ளாங்கிச் சீட்டுகள் பத்தோடு பாதாளத்தில் இறங்கவேண்டும். வீழ்த்துகிற ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு நல்ல சீட்டு பரிசாகக் கிடைக்கும். அதைச் சீட்டுக்கட்டோடு சேர்த்துச் சேர்த்து வலுவாக்கிக்கொண்டே கடைசித் தளத்துக்குப் போனால் ராணி இருப்பாள். அவளிடம் அவன் தவறாமல் சாவான். ஆட்டத்தில் கோளாறு என்று கம்பெனிக்குப் புகார்கூட அனுப்பியிருக்கிறான். பிறகு நண்பர்கள் பார்க்க வந்தார்கள். சிறுநீரகக்காரனுக்குப் பழம் ஆகாது, பழரசம் ஆகவே ஆகாது. வேறு வழியில்லாமல் காசு போட்டு, அதே ஆட்டம் அட்டைப் பலகையாக வந்திருப்பதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதில் எல்லாரும் ஒரே கட்சி. ஒருவர் விழுந்தால் எல்லாரும் அவுட்.

கைப்பேசி தானாகச் சீட்டைக் கலைத்துப் போட்டுவிடும். பலகை போடாது. கட்டு தீரத் தீரக் கலைக்கவேண்டும். கலைக்க இரண்டு கை வேண்டும். முதல் நாள் அவன் ஒற்றைக் கையால் முயன்றதில் பாதிச் சீட்டு போர்வைமேலும் மீதி இயந்திரத்தின் சக்கரத்தடியிலும் போனது. அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு வலக்கை நீண்டது.

"இந்தா, என் கைய வச்சுக்க."

அவன் இடக்கைக்காரன்; ஊசி வலக்கையில். அக்காவுக்கு ஊசி இடக்கையில். பீச்சாங்கை என்று சின்ன வயதில் வாங்கிய குட்டுகளெல்லாம் அன்றைக்குத்தான் வசூலாயின. அவன் பாதியைப் பிடிக்க, அக்கா பாதியைப் பிடிக்க, மேசை நடுவில் ஒன்றுக்குள் ஒன்று சொருகுவார்கள். அப்புறம் அவன் கைப்பேசியில் ஆடவேயில்லை.

இன்றைக்கும் ராணி வழக்கம்போல் வெளுத்து வாங்கினாள். வாலு வாளை ஓங்கும்போதெல்லாம் போர்வைக்குள் அக்காவின் கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

"அவசரப்படாதடா. மொதல்ல உனக்கு ஒரு கேடயம் போடுறேன்."

"போன தடவையும் கேடயத்தோடதான் செத்தேன்."

"மரியாதையா செத்தல்ல?"

அவனுக்கு உயிர் நாலு, அக்காவுக்கு மூணு. ராணிக்கு முப்பது. இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் மேசையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, குட்டிக் குட்டி பாட்டில் படம்?"

"மருந்து, சிஸ்டர்" என்றான் வாலு. "குடிச்சா உயிர் ஏறும், பலம் ஏறும்."

"ஆறு பாட்டில் இருக்கே. ஏன் குடிக்கல?"

வாலு அக்காவைப் பார்த்தான். அக்கா வாலுவைப் பார்த்தார்.

"சேத்து வச்சிருக்கோம்" என்றார் அக்கா.

"எதுக்கு?"

அத்தனை மத்தியானங்களிலும் ஒருவருக்காவது அந்த மூடியைத் திறக்கத் தோன்றியதில்லை. முழு பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிய இரண்டு பேர், கவச குண்டலத்தோடு பாதாளத்தில் இறங்கி, அங்கேயும் பத்தியம் இருந்திருக்கிறார்கள். கைப்பேசியிலும் ஒரு சொட்டு குடித்ததில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது. அந்தப் புகாரை வாபஸ் வாங்கவேண்டும்.

"அட, குடிங்களேன்!" என்றார் நர்ஸ்.

தினமும் குடிக்காதே, குடிக்காதே என்று கத்துகிற வாய். பிரிவு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எதிர்க் கட்டில் பெரியவர் தலையைத் தூக்கி, "எனக்குமாம்மா?" என்று கேட்டார்.

குடித்தார்கள். ஆளுக்கு மூன்று பாட்டில், அடுத்தடுத்து, வெட்கமில்லாமல். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஹா" என்று தாகம் தீர்ந்ததுபோல் மூச்சு விட்டார். அடுத்த இரண்டு சுற்றில் ராணி முப்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கினாள். அவர்களும் மறுபடி நூலிழைக்கு வந்தார்கள். வாலுவின் கட்டு தீர்ந்தது. கலைத்து எடுத்தால், வாள் வந்தால், கதை முடிந்தது.

அக்காவின் இயந்திரம் கூவியது. நேரம் முடிந்துவிட்டது. நர்ஸ் ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து, அக்காவின் வலக்கையைப் பிடித்து அதன்மேல் அழுத்திவைத்தார். விட்டால் இரத்தம் பீய்ச்சும்.

வாலு தன் பாதிச் சீட்டைப் பிடித்தபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழம இங்க வேற யாராச்சும் வருவாங்க" என்றார் அக்கா. "ஊசி எந்தக் கையிலன்னு மொதல்லயே கேட்டு வச்சுக்க."

"வந்ததும் அதக் கேட்டா பயந்துடுவாங்க, அக்கா."

"நான் பயந்தேனா?"

நர்ஸ் இன்னொரு கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தன் விரலைப் பஞ்சின்மேல் வைத்தார்.

"நான் அமுக்கிக்கறேன். சீக்கிரம் முடிங்க. எனக்கு ஆயிரம் வேல கெடக்கு."

விடுபட்ட கை மேசைக்கு வந்தது. சில்லென்றிருந்தது. வாலு தயார் செய்திருந்த வாக்கியத்தை ஆரம்பித்தான்.

"அக்கா..."

"என்னடா?"

"சீட்டு நழுவுது, நல்லாப் பிடிங்க."

சொருகினார்கள். தட்டி நேராக்கி, பிரித்து, மறுபடி சொருகினார்கள்.

"போதும்டா, நல்லாவே கலைஞ்சிடுச்சு."

"இன்னும் ஒரு தடவ."

அக்கா கையை எடுக்கவில்லை. போர்வைக்குள் பிரேக்கும் அழுந்தவில்லை. நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பஞ்சின்மேல் விரலை மாற்றி வைத்துக்கொண்டார். ஒரு இடக்கையும் ஒரு வலக்கையும், ஒரே ஆளுடையவைபோல், சீட்டுகளை மெதுவாக ஒன்றுக்குள் ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன.