வடிகட்டி போட்ட சராசரி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் சராசரியைக் கண்டுபிடித்தது. மூன்றில் கடைசியே பெரிது. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் புலம்புவதை ஒற்றை எண்ணுக்குள் அடக்கும் வல்லமை வேறு எதற்கு உண்டு? கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் மூத்த பகுப்பாய்வாளர், புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வார். அதனாலேயே அவருக்குச் சராசரி சார் என்று பெயர். சொல்லும்போது அவர் கண் மட்டும் ஜன்னலோரம் காலியாகக் கிடந்த பிரிவுத் தலைவர் நாற்காலியிலேயே இருக்கும். சுழல் நாற்காலி. கை வைத்துக்கொள்ள இடமும் உண்டு.

அந்த நாற்காலிக்கு நந்தி மாதிரி குறுக்கே நின்றவன் அவருடைய மனைவியின் தம்பி. "நம்ம பையன்தான், ஓரமா உக்காந்து டேட்டா ஏத்துவான்" என்று இயக்குநரிடம் கெஞ்சி அவனை உள்ளே கொண்டுவந்ததே இவர்தான். இப்போது எதற்கெடுத்தாலும் இயக்குநர், "மச்சினன் என்ன சொல்றான்?" என்கிறார். அலுவலகம் முழுக்க அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. வீட்டிலாவது நிம்மதி உண்டா?

"தம்பி போட்ட வரைபடம் பாத்தீங்களா? எனக்கே புரிஞ்சுது."

"உனக்கே புரியுதுன்னா அது ஆராய்ச்சியே இல்ல."

"அப்ப நீங்க பண்றதெல்லாம் பெரிய ஆராய்ச்சிதான்" என்றாள் மனைவி.

இந்தச் சமயத்தில்தான் பேருந்து நிர்வாகத்துக்கான கணிப்பு வந்தது. நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் காத்திருக்கிறீர்கள் என்று ஆறு குழுக்கள் ஆயிரத்து இருநூறு பேரைக் கேட்டிருந்தன. சரிபார்ப்புக்காக இருவர் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருவர் சராசரி சார், இன்னொருவர் மச்சினன். கூட்டத்துக்கு வரும் பேருந்து நிர்வாக அதிகாரி முன்னால் யாருடைய கணக்கு நிற்கிறதோ அவருக்கே நாற்காலி என்று இயக்குநர் ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

சராசரி சாருக்கு வயிறு எரிந்தது. ஆறில் ஒரு குழுவுக்குப் பொறுப்பே மச்சினன்தான். அந்தக் குழு டீக்கடையில் உட்கார்ந்தே பதில்களை எழுதியிருக்காதா? எழுதியிருக்க வேண்டுமே! மென்பொருளில் வடிகட்டி என்று ஒரு வசதி உண்டு. தன் கோப்பில் அதைப் போட்டு, மச்சினன் குழு கேட்ட இருநூறு பேரை மட்டும் நிறுத்திக்கொண்டார். மீதி ஆயிரம் பேர் கோப்பில் இருப்பார்கள், கணக்கில் வரமாட்டார்கள். மதியம் முழுக்க வரிவரியாகத் துழாவினார். கற்பனையில் எழுதுகிறவர்கள் ஐந்து, பத்து என்றுதான் போடுவார்கள். இங்கே ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று அத்தனையும் நிஜம் மாதிரியே இருந்தன. காரணம், நிஜம். அதுதான் அவருக்கு ஆத்திரம். சேமிக்கவா என்று மென்பொருள் கேட்டபோது ஆம் என்று ஓங்கித் தட்டிவிட்டுப் போனார். வடிகட்டியும் சேர்ந்தே சேமிப்பானது. அதை எடுக்க மறந்துபோனார்.

மறுநாள் அதே கோப்பிலிருந்து அட்டவணையை எடுத்தார். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எத்தனை பேர் என்ற முதல் கட்டத்தை அவர் பார்ப்பதே இல்லை. அது சின்னவர்கள் பார்க்கிற கட்டம்.

கூட்டத்தில் மச்சினன் முதலில் பேசினான். "சராசரி இருபத்திமூணு நிமிஷம், ஐயா."

அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. "கொஞ்சம் ஓவரா இல்ல?"

சராசரி சார் எழுந்தார். தன் அட்டவணையைச் சுவர்த்திரையில் ஏற்றினார். "சின்னப் பையன், அவசரக்குடுக்கை. சரியான விடை ஒன்பது நிமிஷம்."

"ஒன்பது! இதுதாங்க விஞ்ஞானம்!" அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இயக்குநர் சிரித்தார். சராசரி சார் மனசுக்குள் அந்த நாற்காலியில் ஏறி ஒரு சுற்றும் சுற்றிவிட்டார்.

"அத்தான், எத்தனை பேருன்னு போட்டிருக்கு?" மச்சினன் மெதுவாகக் கேட்டான்.

"ஆயிரத்து இருநூறு. எனக்கு எண்ணத் தெரியாதா?"

"திரையில இருநூறுன்னு இருக்கே."

எல்லோரும் பார்த்தார்கள். "மிச்சம் ஆயிரம் பேரும் பஸ் ஏறிப் போயிட்டாங்களா?" என்றார் இயக்குநர்.

"வடிகட்டி எடுக்காம விட்டிருக்கு. எங்க குழு டிப்போ பக்கத்துல கேட்டது, அங்க பஸ் சீக்கிரம் வரும், அதான் ஒன்பது. யாருக்கும் நடக்கறதுதான் அத்தான். விடுங்க, நான் எடுத்துடறேன்."

அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியவில்லை. "நீ ஒண்ணும் எடுக்க வேண்டாம்! நான் வடிகட்டியே போடல. எவனோ வேணும்னே என் கோப்புல கை வச்சிருக்கான்!" சொல்லிவிட்டு மச்சினனையே முறைத்தார்.

"எவன்னு பாத்துடலாமே" என்று இயக்குநர் சுட்டியை நகர்த்தி வடிகட்டியைத் திறந்தார். போடும்போது அதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்த பெயர் சுவர் அகலத்துக்கு விரிந்தது.

'மச்சினன் பித்தலாட்டம்' என்று இருந்தது.